கூத்துக் கொப்பியைக் காக்க யார் பணம் தருவார்? சமூக ஆவணங்களுக்கான நிதி நல்கை பற்றி ஓர் அறிமுகம்

ஒல்லாந்தர் 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். இலங்கையை ஆண்ட காலத்தில் அவர்கள் எழுதிக் குவித்த கடிதங்களும் கணக்குகளும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. பின்னால் வந்த ஆங்கிலேயரின் நிருவாகப் பதிவுகளும் அங்கே உண்டு. அரசு எப்போதும் தனக்கு வேண்டியதை எழுதிப் பத்திரப்படுத்திவிடும்: வரி, காணி, வழக்கு, குடிசனக் கணக்கு. அறுவடை வயலில் பாடிய நாட்டார் கவி, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளம் அடித்தபடி சொல்லிக்கொடுத்த தாளக்கட்டு, போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் வீட்டுக் கலியாணத்தில் ஒலித்த போர்த்துக்கேயப் பாட்டு, வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்களின் சடங்கு, அளிக்கம்பையில் தெலுங்கு பேசும் குடும்பங்களின் பழங்கதை, போர்க்காலத்தில் மாதர் சங்கம் எழுதிவைத்த கூட்டக் குறிப்பு ஆகியவற்றுக்கு அந்த அலுமாரிகளில் இடம் இருக்கவில்லை. அவை றங்குப் பெட்டிகளிலும் கோயில் களஞ்சியங்களிலும் பள்ளிவாசல் அலுமாரிகளிலும் கிடக்கின்றன. சில, ஒரே ஒரு வயோதிபரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கின்றன.

இப்படி அரசின் அலுமாரிக்குள் வராமல் போனவற்றைக் காப்பதற்கென்றே உலகில் சில நிறுவனங்கள் ஆண்டுதோறும் பணம் ஒதுக்குகின்றன. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வாசிகசாலை நடத்துபவர்களும், கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர்களும், பள்ளிவாசல் நிருவாகிகளும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இந்தப் பணத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது, கேட்டால் எதை விட்டுக்கொடுக்க வேண்டிவரும் என்பது பலருக்குத் தெளிவில்லை. இந்தக் கட்டுரை அவர்களுக்கானது.

நல்கை என்றால் என்ன?

நல்கை கடனன்று, திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. உண்டியலில் விழுந்த காசு போல நம் விருப்பத்துக்குச் செலவழிக்கவும் முடியாது. குறித்த ஒரு வேலையைக் குறித்த காலத்துக்குள் குறித்த முறையில் செய்து முடிப்பதாக ஒப்பந்தம் எழுதி, அதற்காகப் பெறும் பணம் அது. வேலை முடிந்ததும் அறிக்கை கொடுக்க வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும், செய்த வேலையின் பிரதியை ஒப்படைக்க வேண்டும்.

ஆவணங்களுக்கான நல்கைகள் பொதுவாக எண்ணிமப்படுத்தல் (டிஜிட்டல் கோப்பாக மாற்றுதல்), பட்டியலிடல், தூசு தட்டிப் பாதுகாப்பாக வைத்தல், அந்த வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி, அவர்களின் சம்பளம், கமரா, வன்தட்டு போன்றவற்றுக்குக் கிடைக்கும். கட்டடம் கட்டவும், மூலப் பொருளை உரிமையாளரிடமிருந்து விலைக்கு வாங்கவும், நிறுவனத்தின் அன்றாட மின்சாரக் கட்டணத்துக்கும் கிடைப்பது அரிது. "முதலில் ஒரு நூதனசாலை கட்டுவோம், பிறகு பொருள் சேர்ப்போம்" என்று தொடங்குகிறவர்கள் இந்த வாசலில் வந்து நிற்பதில் பயனில்லை. அப்படித் தொடங்குவது நல்ல யோசனை என்றும் எனக்குத் தோன்றவில்லை. திறப்பு விழாவுக்கு மறுநாள் பூட்டிய கட்டடங்கள் நம் பகுதியில் போதிய அளவு இருக்கின்றன.

யார் தருகிறார்கள்?

இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் பெயர் ஆர்க்கேடியா. லிஸ்பெட் ரவ்சிங், பீட்டர் போல்ட்வின் ஆகிய இருவர் நிறுவிய கொடை அறக்கட்டளை இது. இது பணத்தைப் பெரிய நிறுவனங்களிடம் கொடுக்கிறது. அவை நம்மைப் போன்றவர்களின் விண்ணப்பங்களை வாங்கிப் பரிசீலிக்கின்றன. அந்த வழியில் நான்கு வாசல்கள் உண்டு. எந்த வாசலில் தட்டுவது என்பதை உங்கள் கையில் இருக்கும் பொருளே தீர்மானிக்கும்.

கையில் இருப்பது ஓலைச்சுவடி, பழைய கையெழுத்துப் பிரதி, நூறாண்டுக்கு முந்திய கடிதக் கட்டு என்றால் பிரித்தானிய நூலகம் 2004 முதல் நடத்திவரும் 'என்டேஞ்சர்ட் ஆர்கைவ்ஸ் புரோகிராம்' பொருத்தமானது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தியவையே அதன் முதன்மைக் கவனம். கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கும் ஏடு, முஸ்லிம் வீடுகளில் இருக்கும், தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதி, நாட்டு வைத்தியரின் வாகட ஏடு ஆகியவை இந்த வகை.

அதற்குப் பிந்தியவை, அதாவது கசெட்டுகள், ஸ்டுடியோ நெகட்டிவ்கள், சங்கங்களின் துண்டுப் பிரசுரங்கள், வீடியோ நாடாக்கள் போன்றவை, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாக நூலகம் 2018இல் தொடங்கிய 'மொடர்ன் என்டேஞ்சர்ட் ஆர்கைவ்ஸ் புரோகிராம்' என்பதன் எல்லைக்குள் வரும். கிழக்கைப் பொறுத்தவரை எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஓலைச்சுவடி என்றால் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். 1985இல் பதிந்த கசெட்டை எவரும் ஆவணமாக நினைப்பதில்லை. ஓலை பூச்சி அரிக்காமல் இருந்தால் இன்னும் பல தலைமுறை நிற்கும். களப்புக் காற்றின் ஈரத்தில் காந்த நாடா பூஞ்சணம் பிடித்து ஒட்டிக்கொள்கிறது, அதைப் போட்டுக் கேட்கும் பிளேயரும் கடைகளில் இல்லாமல் போய்விட்டது. முதலில் அழியப்போவது கசெட்.

மூன்றாவது வாசல் கைவினை அறிவுக்கானது. பிரித்தானிய அருங்காட்சியகம் நடத்தும் 'என்டேஞ்சர்ட் மெட்டீரியல் நொலெஜ் புரோகிராம்' ஒரு பொருளைக் காப்பதைவிட அதைச் செய்யும் வித்தையைப் பதிவதற்குப் பணம் தருகிறது. மருதமுனைத் தறியில் பாவு ஓட்டும் முறையையோ, பன் புல்லை வெட்டிக் காயவைத்துப் பாய் இழைக்கும் முறையையோ, களப்பில் மீன்பிடிக்கும் பொறி கட்டும் முறையையோ படிப்படியாகப் படம்பிடித்து, செய்பவரின் வாய்மொழியோடு பதிவதற்கு இது உதவும்.

நான்காவது, மொழிகளுக்கானது. 2002இல் லண்டனில் தொடங்கி இப்போது பெர்லினில் இயங்கும் 'என்டேஞ்சர்ட் லாங்குவேஜஸ் டொக்யுமென்டேஷன் புரோகிராம்'. இதற்கு மட்டக்களப்பிலேயே உதாரணம் இருக்கிறது. பறங்கியர் சமூகத்தின் மூத்தவர்கள் பேசும் இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல் என்னும் கலப்பு மொழியை லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஹூகோ கார்டோசோவின் குழு இந்த நிதியுடன் பதிவுசெய்தது. வீட்டுப் பேச்சு, கதை, பாட்டு எல்லாம் ஒலியாகவும் ஒளியாகவும் அந்தத் திட்டத்தின் எண்ணிமக் காப்பகத்தில் சேர்ந்திருக்கின்றன. தச்சுவேலையும் கம்மாலை வேலையும் செய்துவந்த குடும்பங்களின் பேச்சு அது. பள்ளிக்கூடத்தில் கற்பிக்காத, பத்திரிகை அச்சிடாத மொழி. மொழிகளின் பதிவுகளைப் பொறுத்தவரை உலகக் காப்பகம் ஒன்றில் நம் பக்கத்துத் தெருவின் குரல் இருக்கிறது என்பதை மட்டக்களப்பில் பலர் அறியமாட்டார்கள்.

இவற்றுக்கு வெளியே, வெள்ளமோ தீயோ வந்த உடனே ஆவணங்களை மீட்கச் சிறு தொகை தரும் 'கல்ச்சுரல் எமர்ஜென்சி ரெஸ்பொன்ஸ்' இருக்கிறது. நெதர்லாந்தின் பிரின்ஸ் கிளவுஸ் நிதியம் 2003இல் அதைத் தொடங்கியது. பின்னர் அது தனி அமைப்பாகியது. 1978 நவம்பர்ச் சூறாவளியையும் 2004 டிசம்பர்ச் சுனாமியையும் கண்ட கரையோரத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அந்த அலையோடு போன கல்முனை, சாய்ந்தமருது வீடுகளின் பத்திரங்களுக்கும் படங்களுக்கும் எவரும் கணக்கெடுக்கவில்லை, உயிரைக் கணக்கெடுக்கவே நேரம் போதாதபோது எடுக்கவும் முடியாது.

இணையத்தில் தேடும்போது கண்ணில் படும் எல்லாம் நமக்கானவை அல்ல. கவனிக்கப்படாத சமூகங்களின் தொகுப்புகளுக்கென்றே அமெரிக்காவின் மெலன் அறக்கட்டளையின் பணத்தில் ஒரு நல்கை நடந்தது; 'டிஜிட்டைசிங் ஹிடன் கலெக்ஷன்ஸ்' என்பது பெயர். அதன் நோக்கத்தைப் படித்தால் நமக்கென்றே எழுதியது போல இருக்கும். விண்ணப்பிக்கும் தகுதியோ அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே. எந்த அறிவித்தலைக் கண்டாலும் நோக்கத்தை இரண்டாவதாகவும் தகுதியை முதலாவதாகவும் படியுங்கள். ஒரு கிழமை மிச்சமாகும்.

யார் கேட்கலாம்?

சில திட்டங்கள் தனி ஆய்வாளரையும் ஏற்கும் என்றாலும், பணம் வந்து சேர ஒரு நிறுவனத்தின் வங்கிக் கணக்கு வேண்டும். பதிவில்லாத சங்கத்தால் வெளிநாட்டுப் பணத்தைப் பெற்றுக் கணக்குக் காட்ட இயலாது. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ்ப் பதிவதும், கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுத்த நிறுவனமாகப் பதிவதும் இங்கே வழக்கம். இரண்டும் நேரம் எடுக்கும். பிரதேச செயலகத்தில் பதிந்த சிறு சங்கங்களுக்கு எளிய வழி, ஏற்கெனவே பதிவும் கணக்காய்வும் உள்ள ஒரு நிறுவனத்தோடு சேர்வதுதான். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் என மூன்று கல்வி நிறுவனங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனமும் இருக்கிறது.

சேரும்போது தயங்காமல் எழுத்தில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. விண்ணப்பத்தில் பெயர் யாருடையது, பொருள் யாருடைய பொறுப்பில் இருக்கும், கமராவும் கணினியும் திட்டம் முடிந்ததும் யாரிடம் போகும்? ஊர்ச் சங்கம் பொருளைக் கொடுக்க, நகரத்து நிறுவனம் பெயரை எடுத்துக்கொள்ள, கடைசியில் கமராவும் அங்கேயே தங்கிவிடுவது நடக்கிற காரியம். இரண்டு பக்க ஒப்பந்தம் போதும். தமிழில் எழுதியிருந்தால் மேலும் நல்லது, கையொப்பம் இடுகிற கோயில் வண்ணக்கருக்கும் பள்ளிவாசல் மரைக்காயருக்கும் தாம் எதில் ஒப்பமிடுகிறோம் என்று விளங்கும்.

மூலப் பொருள் வெளிநாட்டுக்குப் போய்விடும் என்று ஊரில் பலர் அஞ்சுகிறார்கள். மேலே சொன்ன திட்டங்களில் எண்ணிமப் பிரதிதான் வெளியே போகிறது. பிரித்தானிய நூலகத்தின் திட்டத்தில் மூலம் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்பதே விதி. தவிர, 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி பழம்பொருளை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. யாராவது "ஏட்டைக் கொடுங்கள், லண்டனில் வைத்துப் பாதுகாக்கிறோம்" என்று வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பணத்துக்கு முன் பட்டியல்

விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன்பே செய்யக்கூடிய, செய்ய வேண்டிய வேலை பட்டியல். இதற்கு நல்கை தேவையில்லை. ஒரு கொப்பியும் பேனையும் அளவு நாடாவும் போதும். எத்தனை பொருள், என்ன நிலை, எவ்வளவு பக்கம் என்று தெரியாமல் "பெருந்தொகையான அரிய ஆவணங்கள்" என்று எழுதும் விண்ணப்பம் முதற்சுற்றிலேயே விழும். பரிசீலிப்பவர் அந்தப் பெட்டியைக் கண்டதில்லை. உங்கள் பட்டியல்தான் அவருக்குக் கண்.

ஒரு கூத்துக் கொப்பியை எடுத்துக்கொள்வோம். கன்னன்குடாவிலோ வந்தாறுமூலையிலோ சீலாமுனையிலோ ஓர் அண்ணாவியார் வீட்டில் இருக்கக்கூடிய வகை. சி.ஆர். கொப்பி, அட்டை போய் சாக்குத்துணி தைத்திருக்கிறது. நீல மையில் எழுத்து, சில பக்கங்களில் பென்சில் திருத்தம். ஓரங்களில் எண்ணெய்க் கறை, ஏனென்றால் கூத்துப் பயிற்சி இரவில் விளக்கடியில் நடந்தது. ஒவ்வொரு விருத்தத்துக்கும் பக்கத்தில் வேறொரு கையெழுத்தில் பெயர் இருக்கிறது. அந்த ஆண்டு அந்தப் பாத்திரத்தை ஆடியவரின் பெயர். கடைசி இரண்டு தாள் இல்லை.

இதைப் பட்டியலில் இப்படி எழுதலாம்: "கூ. 14. கையெழுத்துப் பிரதி, தென்மோடிக் கூத்து. 118 பக்கம், கடைசி இரண்டு தாள் இல்லை. 21 x 33 சென்ரிமீற்றர். எழுதியவர், பிரதியெடுத்த ஆண்டு: குடும்பத்தார் சொன்னபடி. ஓரங்களில் ஆட்டக்காரர் பெயர்கள். நிலை: ஈரக் கறை, 30 முதல் 44 வரை பக்கங்கள் ஒட்டியுள்ளன. வைத்திருப்பவர்: அண்ணாவியாரின் மகள். படமெடுக்கச் சம்மதம்: வாய்மொழியாக."

அந்த ஓரத்துப் பெயர்களை விட்டுவிடாதீர்கள். கூத்தின் பாட்டு வேறொரு கொப்பியிலும் இருக்கலாம், அச்சிலும் வந்திருக்கலாம். எந்த ஊரில் எந்த ஆண்டு யார் ஆடினார், அவர்கள் எந்தக் குடும்பம், எந்தத் தொழில் என்பது இந்தக் கொப்பியில் மட்டும்தான் இருக்கிறது. கவனிக்கப்படாத சமூகத்தின் வரலாறு என்று நல்கை தருபவர்கள் தேடுவது பல வேளைகளில் பக்கத்தின் நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது.

இடப்பெயரில் ஒரு கவனம் வேண்டும். அம்பாறை 1961இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்திய பத்திரங்களில் அக்கரைப்பற்று, சம்மாந்துறை, கல்முனை, காரைதீவு எல்லாம் மட்டக்களப்பு மாவட்டம் என்றே இருக்கும். இன்றைய மாவட்டம், அன்றைய மாவட்டம் இரண்டையும் எழுதுங்கள். தவறினால் நாளை தேடுகிறவருக்கு அரைவாசி அகப்படாது.

விண்ணப்பத்தை எப்படிப் படிக்கிறார்கள்?

பெரும்பாலான திட்டங்களில் இரண்டு சுற்று உண்டு. முதலில் சுருக்கமான முன்விண்ணப்பம். அது தேறினால் விரிவானது. பரிசீலிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை சிலதான். இந்தப் பொருள் ஏன் முக்கியம்? இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்? சொன்ன காலத்தில் சொன்ன ஆட்களால் இதை முடிக்க முடியுமா? முடித்த பிறகு யார் பார்க்கலாம்?

முதற் கேள்விக்கு நம்மவர்கள் எழுதும் பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "தொன்மையும் பெருமையும் வாய்ந்த மட்டக்களப்பு மண்ணின் பண்பாட்டுக் கருவூலங்களை எதிர்காலச் சந்ததிக்குக் கையளிப்பது எமது தலையாய கடமையாகும்." விழா மேடையில் இது கைதட்டல் பெறும். விண்ணப்பத்தில் இதற்கு ஒரு புள்ளியும் கிடையாது. அதே தொகுப்பைப் பற்றி இப்படி எழுதலாம்: "அக்கரைப்பற்றுப் பகுதியில் வயலிலும் வீட்டிலும் பெண்கள் பாடிய கவிகளின் 60 கசெட்டுகள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் உள்ளன. பாடியவர்களில் பெரும்பாலோர் உயிருடன் இல்லை. 11 கசெட்டுகளில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அச்சிட்ட தொகுப்புகளில் கவியின் சொல் இருக்கிறது, இராகம் இல்லை. இராகம் இந்த நாடாக்களில் மட்டுமே உள்ளது." எண்கள் உங்கள் பட்டியலிலிருந்து வர வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

தொழில்நுட்பப் பகுதி பார்க்கப் பயமுறுத்தும். உள்ளே போனால் எளிது. ஓலையையும் ஒட்டிய தாளையும் தட்டை ஸ்கானரில் வைத்து அழுத்தக் கூடாது, கமராவைத் தாங்கியில் பொருத்தி மேலிருந்து எடுக்க வேண்டும். மூலப் பிரதியை டிஃப் கோப்பாகச் சேமித்து, பார்வைக்கு ஜேபெக் எடுக்க வேண்டும். ஒலியை எம்பி3 ஆக அன்றி வேவ் கோப்பாக, குறைந்தது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் அளவில் பதிய வேண்டும். மூன்று பிரதி வேண்டும், அவற்றில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

பாதீட்டில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கமராவுக்கும் கணினிக்கும் பெருந்தொகை எழுதி, ஆட்களுக்குச் சொற்பம் எழுதுவார்கள். உண்மையில் நேரம் தின்னும் வேலை படமெடுப்பதன்று, விவரம் எழுதுவது. ஒரு கசெட்டை எண்ணிமப்படுத்த அது ஓடும் நேரம் போதும். அதைக் கேட்டு, யார் பாடுகிறார், எந்த ஊர், எந்தச் சந்தர்ப்பம் என்று விசாரித்து, வட்டாரச் சொல்லை விளங்கிக்கொண்டு பதிய அதைப்போலப் பல மடங்கு நேரம் போகும். அந்த வேலையை ஊரைத் தெரிந்த ஓர் இளைஞரோ யுவதியோதான் செய்ய முடியும். அவருக்கு ஒழுங்கான சம்பளம் எழுதுங்கள். தொண்டாகச் செய்வார்கள் என்று எழுதினால், மூன்றாம் மாதம் அவர் கட்டாருக்கோ கொழும்புக்கோ வேலைக்குப் போய்விடுவார்.

நாணய மாற்றையும் நினைவில் வையுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. வெளிநாட்டுப் பணத்தில் நல்கை பெற்றவருக்கு ரூபாவில் கூடுதலாகக் கிடைத்திருக்கும். ஆனால் வன்தட்டின் விலையும் அதே வேகத்தில் ஏறியது. இறக்குமதிப் பொருட்களை வெளிநாட்டு நாணயத்திலும் சம்பளத்தை ரூபாவிலும் கணக்கிட்டு, எந்தத் திகதியின் மாற்று வீதம் என்று எழுதிவிட்டால் பிறகு விளக்கம் கொடுப்பது எளிது.

எல்லோரும் பார்க்கலாமா?

இந்த நல்கைகளில் பெரும்பாலானவை ஒரு நிபந்தனையோடு வருகின்றன: எண்ணிமப்படுத்தியதை இணையத்தில் இலவசமாக, எவரும் பார்க்கும்படி திறந்துவிட வேண்டும். பணம் கொடுப்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது நியாயம். பூட்டி வைக்கவா பணம் கொடுப்பது? கிழக்கில் இதைக் கையொப்பமிடும் முன் நன்றாக யோசிக்க வேண்டும். விண்ணப்பத்தின் மற்றப் பகுதிகளில் தவறு நேர்ந்தால் பணம் கிடைக்காது, அவ்வளவுதான். இதில் தவறினால் ஊருக்குள் காயம் உண்டாகும்.

ஒரு பட்டணத்து ஸ்டுடியோவின் நெகட்டிவ் பெட்டியை நினைத்துப் பாருங்கள். அடையாள அட்டைக்கு எடுத்த படங்கள், கலியாணப் படங்கள், பள்ளிக் குழுப் படங்கள். எண்பதுகளில் எடுத்த ஓர் இளைஞனின் படம் அதற்குள் இருக்கிறது. அவன் 1990இல் காணாமல் போனவன். தாய் இன்னும் காத்திருக்கிறாள். ஆய்வாளருக்கு அது ஓர் அருமையான ஸ்டுடியோ உருவப்படம். பின்னணித் திரை, வெளிச்சம், உடை எல்லாம் அந்தக் காலத்தின் சாட்சி. தாய்க்கு அது வேறு. அந்தப் படம் உலகம் முழுவதும் தெரியும்படி இணையத்தில் ஏறுவதை அவள் விரும்பலாம், மகனை யாராவது அடையாளம் காணட்டும் என்று. விரும்பாமலும் இருக்கலாம். கேட்காமல் நமக்குத் தெரியாது. ஸ்டுடியோக்காரர் கொடுத்த சம்மதம் அந்தத் தாயின் சம்மதம் ஆகாது.

கோயில் ஏடுகளில் வேறொரு சிக்கல் உண்டு. மட்டக்களப்புப் பகுதியில் கோயில் உரிமைகள் குடி எனப்படும் தாய்வழிக் குலங்களின் வழியாக வருபவை. எந்தக் குடிக்கு எந்த நாள் பூசை, யாருக்கு முதல் மரியாதை என்று சொல்லும் பாடல்களும், 'கல்வெட்டு' என்றே அழைக்கும் உரிமைப் பாட்டுகளும் ஏடுகளில் இருக்கின்றன. ஓர் ஏட்டில் இருக்கும் வரிசையை மற்ற ஏடு மறுக்கும். இதில் ஒன்றை மட்டும் வெளிநாட்டு நூலகத்தின் முத்திரையோடு இணையத்தில் ஏற்றினால், அடுத்த திருவிழாவில் அதை அச்சடித்துக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் வருவார். அதற்கடுத்த மாதம் நீதிமன்றம். எண்ணிமப்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லாத் தரப்பின் ஏடுகளையும் சேர்த்து எடுங்கள், அல்லது அந்தப் பகுதியை மட்டும் நேரில் வந்து படிப்பவர்களுக்கு வையுங்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், விதிவிலக்குக் கேட்க இடமிருக்கிறது. தொகுப்பின் ஒரு பகுதியைக் குறித்த காலத்துக்கு மூடி வைப்பதாகவோ, பெயர்களை மறைப்பதாகவோ விண்ணப்பத்திலேயே காரணத்தோடு எழுதலாம். பணம் வந்த பிறகு கேட்டால் நம்பிக்கை குறையும். முன்பே எழுதினால் பொறுப்பானவர்கள் என்று மதிப்பார்கள். எதைத் திறப்பது, எதை மூடுவது என்பதில் சற்றும் இணங்காத திட்டம் என்றால், அந்தப் பணத்தை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. ஒரு தொகுப்பு பத்தாண்டு பொறுத்திருந்து வேறு நல்கை பெறலாம். ஒருமுறை இணையத்துக்குப் போனது திரும்பி வராது.

சம்மதத்தைத் தமிழில், ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி வாங்குங்கள். பேசியவர் பின்னர் மனம் மாறினால் யாரைத் தொடர்புகொள்வது என்பதும் அதில் இருக்க வேண்டும். சட்டமும் இதில் சம்பந்தப்படுகிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஓர் ஆக்கத்தின் பதிப்புரிமை ஆக்கியவரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. கொப்பியைக் கையில் வைத்திருப்பவர் வேறு, உரிமை உடையவர் வேறாக இருக்கலாம். உயிருடன் இருப்பவர்களின் விவரங்களுக்கு 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டிருக்கிறது.

திரும்பி வந்தால்

முதல் விண்ணப்பம் பெரும்பாலும் திரும்பி வரும். இந்தத் திட்டங்களுக்கு உலகம் முழுவதிலுமிருந்து விண்ணப்பங்கள் போகின்றன, எடுப்பது சிலவற்றைத்தான். கருத்துரை தந்தால் அதைப் பத்திரப்படுத்தி அடுத்த ஆண்டு அதற்குப் பதில் எழுதுங்கள். தொடக்கத்தில் பெரிய தொகை கேட்பதைவிட, சிறிய முன்னோட்ட நல்கை கேட்பது புத்திசாலித்தனம்: நான்கு வீடுகளுக்குப் போய் என்ன இருக்கிறது என்று பார்த்து, மாதிரிக்கு ஐம்பது பொருளை எண்ணிமப்படுத்தி, பட்டியல் வெளியிடும் அளவுக்கு. அதை ஒழுங்காக முடித்துக் கணக்குக் காட்டியவருக்குப் பெரியது கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

விண்ணப்பம் அனுப்பியதிலிருந்து பணம் வரும்வரை பல மாதம் ஆகும், ஓராண்டையும் தாண்டலாம். அதற்குள் செய்ய வேண்டியவை இருக்கின்றன. கசெட்டுகளைத் தரையிலிருந்து உயர்த்தி, வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கிக் காந்தத்துக்குத் தூரமாக, நிமிர்த்தி அடுக்கி வையுங்கள். ஒட்டிய பக்கங்களைப் பிரிக்க முயலாதீர்கள். படங்களுக்குப் பின்னால் பேனையால் எழுதாமல், மென்மையான பென்சிலால் இலக்கம் இடுங்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும், காகித உறை நல்லது. இவற்றைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது: அந்தக் கொப்பியின் ஓரத்தில் பெயர் எழுதிய ஆட்டக்காரர்களில் யார் உயிருடன் இருக்கிறார்கள் என்று விசாரித்து, ஒரு கைத்தொலைபேசியையும் கொப்பியின் நகலையும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். பதிவைத் தொடங்கும்போது திகதி, ஊர், பேசுபவரின் பெயர், கேட்பவரின் பெயர் ஆகியவற்றை முதலில் சொல்லிவிடுங்கள்.